ஸ்டான்லி முதலில் பேசிய புதன்கிழமை

1

விதி நான்கு: ஒவ்வொரு பீரைப் பற்றியும் வயதில் இளையவர் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும், மூத்தவர் கடைசியில்தான் வாய் திறக்க வேண்டும்.

இதை எழுதியவன் நான். பதவி உயர்வுக் குழுக்களில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இதன் அவசியம் புரியும். பெரிய அதிகாரி முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். மூன்று ஓய்வூதியக்காரர்கள் மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை பிற்பகல் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, யாருக்கு எந்த பீர் ஏன் பிடிக்கிறது என்று பேசிக்கொள்வதற்கு விதி எதற்கு என்று கேட்பீர்கள். விதி இல்லாமல் மூன்று பேர் குடித்தால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

நவம்பர் மாதக் கூட்டத்தில் விதி நான்கு தளர்த்தப்பட்டது. தளர்த்தாமல் இருந்திருந்தால், எங்கள் மூவரில் மூத்தவனான ஸ்டான்லி மறைத்து வைத்திருந்தது இன்றுவரை எனக்குத் தெரிந்திருக்காது.

நம் ஆரணிப் பள்ளியின் பழைய மாணவர் மலருக்கு அயல்மண் அனுபவம் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். போன மலரில் ஒருவர் டொராண்டோவின் பனியைப் பற்றியும் இன்னொருவர் துபாயின் வெயிலைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். நான் இருப்பது பெங்களூரில். காலையில் ஆரணியில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு மல்லேஸ்வரம் வந்து கை கழுவலாம். இதை அயல்மண் கணக்கில் சேர்க்கலாமா என்று மலர்க்குழுவில் விவாதம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். சேர்க்கலாம். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட ஸ்கூட்டருக்குத் தடையில்லாச் சான்று கேட்டு இரண்டு மாநிலங்களின் கவுன்டர்களுக்கு நடுவே அலைந்தவன் நான். அங்கே ஒப்படைத்த ரேஷன் கார்டுக்கு இங்கே மாற்று வாங்க, நான் உயிரோடு இருப்பதையும் ஆரணியில் இல்லாததையும் தனித்தனியாக நிரூபித்தவன். எல்லை எங்கே இருக்கிறது என்று வரைபடம் போட்டவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் பெங்களூருக்கு வந்து நாற்பது ஆண்டு நிறைந்ததுதான் நவம்பரில் விதியைத் தளர்த்தக் காரணம். விழா நாயகன் கடைசியில் பேசுவதுதான் மரியாதை என்று மற்ற இருவரும் தீர்மானம் போட்டார்கள். நான்தான் வயதில் இளையவன், வழக்கமாக முதலில் பேசுகிறவன். என்னைக் கடைசிக்குத் தள்ளியதும் வரிசை தலைகீழானது. ஸ்டான்லி முதலில் பேச வேண்டி வந்தது.

2

ஆரணியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அரிசி ஆலைகள். நெல் அவிக்கிற நாளில் அந்த வாசனை தெருவெல்லாம் நிற்கும். ஈர தானியம் சூடேறி, இனிப்புக்கும் புளிப்புக்கும் இடையில் ஒரு வாசனை. உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தணிக்கை அலுவலக வேலைக்கான உத்தரவோடு நான் பெங்களூரில் வந்து இறங்கிய முதல் வாரம், நகரின் நடுவே நடந்துகொண்டிருந்தபோது அதே வாசனை வந்தது. பக்கத்தில் அரிசி ஆலை எங்கே இருக்கிறது என்று ஒரு ஆட்டோக்காரரிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு உயரமான மதில்சுவரைக் காட்டினார். அது பீர் ஆலை. பார்லியை ஊறவைத்து வெந்நீரில் வேகவைக்கிற வாசனை அது. ஊரை விட்டு வந்த துக்கம் எனக்கு அந்த மதில் ஓரத்தில்தான் முதலில் கொஞ்சம் குறைந்தது. பிறகு பல நாள் அலுவலகம் முடிந்ததும் வேண்டுமென்றே அந்த வழியாகப் போனேன். அந்த ஆலை இப்போது இல்லை. அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. அவற்றுக்கு எந்த வாசனையும் கிடையாது.

அதுவரை பீர் எனக்கு வாசனையோடு சம்பந்தப்பட்ட பொருளே அல்ல. கல்லூரி முடித்த ஆண்டு, லாரி ஷெட்டுக்குப் பின்னால், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பாட்டிலை நான்கு பேர் மாறி மாறிக் குடித்தோம். சூடாக இருந்தது. குடித்த நேரத்தைவிட வாயில் கொய்யா இலையை மென்ற நேரம் அதிகம். உங்களில் இருவர் அப்போது உடன் இருந்தீர்கள். பெயர் சொல்லமாட்டேன், ஒருவர் இப்போது கோயில் அறங்காவலர்.

ஸ்டான்லியை நான் சந்தித்தது ஒரு அரசுத் தொழிற்சாலையில். தணிக்கைக் குழுவில் நான் கடைசி ஆள். கிடங்கைத் திறந்து காட்ட அவர்கள் அனுப்பிய ஆள் ஸ்டான்லி. என்னைவிட மூன்று வயது மூத்தவன், ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவன். அவனுடைய தாத்தா வட ஆர்க்காட்டிலிருந்து கன்டோன்மென்ட்டுக்கு வந்தவர். அப்பா அதே பீர் ஆலையில் பார்லி முளைகட்டும் பிரிவில் வேலை பார்த்தவர். தணிக்கை முடிந்து அறிக்கை கையெழுத்தான மறு ஞாயிற்றுக்கிழமை, அதற்கு முன்பு கூடாது என்பதால் அதன் பிறகு, அவன் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன்.

சர்ச்சில் பூசை முடிந்து வந்த குடும்பம். மேசையில் சோறு, மாட்டுக்கறி வறுவல், அவரைக்காய்ப் பொரியல். அவற்றின் நடுவே, உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், சாதாரணமாக இரண்டு பீர் பாட்டில். ஸ்டான்லியின் அம்மா எனக்குக் கண்ணாடி டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு அவனுடைய அப்பாவுக்கு ஊற்றினார். நான் ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்தேன். ஆரணியிலிருந்து யாரும் வந்து நிற்கவில்லை. அவனுடைய அப்பா டம்ளரை மூக்கருகே கொண்டுபோய், இது போன வாரம் காய்ச்சியது, அடுப்பைக் கொஞ்சம் அதிகம் எரித்திருக்கிறார்கள் என்றார். ஸ்டான்லியும் முகர்ந்து பார்த்து, ஆமாம் என்றான். இரண்டு பேரும் சாம்பாரைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார்கள்.

அந்த மேசையில் எனக்கு ஊர் மாறியது என்று சொல்லலாம்.

3

எங்கள் மூவரில் மூன்றாமவர் கௌடர். மண்டியாவில் பிறந்து, கூட்டுறவு வங்கியில் மேலாளராக ஓய்வு பெற்றவர். தமிழ் நன்றாகப் பேசுவார்; தேவைப்பட்ட இடத்தில் கன்னடத்தை ஊற்றி நிரப்பிக்கொள்வார். ஓய்வுக்குப் பிறகு மல்லேஸ்வரம் நடைப்பயிற்சியில் எனக்குப் பழக்கமானார். எம்.ஜி. ரோடு மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் அங்கேயே பீர் காய்ச்சி ஊற்றும் ஒரு பப் எங்களுக்குத் தோதாக அமைந்தது. பிற்பகலில் காலியாக இருக்கும், பாட்டு போடமாட்டார்கள். காய்ச்சுகிறவள் மைசூர்ப் பக்கத்துப் பெண். நாங்கள் கேட்டுக்கொண்டபடி கோப்பைகளைப் பெயர் சொல்லாமல் கொண்டுவந்து வைப்பாள். நாங்கள் குடித்து, வாதாடி, அடித்துச் சொன்ன பிறகுதான் பெயரைச் சொல்வாள். அவரவர் பில் அவரவருக்கு. அது தணிக்கைக் காலத்திலிருந்து நான் விடாத பழக்கம்.

கௌடருக்கு லாகர் என்கிற சாதாரணப் பொன்னிற பீர் மட்டும்தான் பீர். மற்றதெல்லாம் மருந்து.

“பீருன்னா ஜில்லுன்னு இருக்கணும் ஸ்வாமி. அஷ்டே,” என்பார். அஷ்டே என்றால் அவ்வளவுதான். அதற்கு மேல் அவரிடம் அளவுகோல் கிடையாது.

எனக்குக் கோதுமை பீர். கலங்கலாக, மேலே கனத்த நுரையோடு வரும். கிராம்பும் நன்கு பழுத்த வாழைப்பழமும் சேர்ந்த வாசனை. பழம் எதுவும் போடுவதில்லை. அதைப் புளிக்கவைக்கிற ஈஸ்ட்டின் குணம் அது. ஸ்டான்லிக்கு இதைக் கண்டாலே ஆகாது. ‘பழக்கடை பீர்’ என்று பெயர் வைத்திருந்தான். அவனுக்கு ஸ்டவுட் வேண்டும்: கறுப்பாக, வறுத்த தானியத்தில் காய்ச்சியதாக, காப்பிக் கொட்டையின் கசப்போடு. லாகர் குடிக்கும் கௌடரிடம், மூக்கு இல்லாதவன் குடிக்கும் பீர் அது என்பான். ஐ.பி.ஏ. என்கிற கடும் கசப்பு பீரை மூவரும் ஒருமனதாக நிராகரித்திருந்தோம். எங்கள் வரலாற்றில் ஒருமனதான தீர்மானம் அது ஒன்றுதான்.

என் மகன் கார்த்திக் வைட்ஃபீல்டில் இருக்கிறான். ஒரே நகரம், ஆனாலும் வருவதற்கு முன் சீட்டு வாங்குவதுபோல் தேதி வாங்க வேண்டும். அவனும் பீர் குடிப்பவன்தான். குடித்ததும் போனில் நட்சத்திரம் போட்டுவிடுவான், மூன்றே முக்கால், நாலு என்று. ஏன் மூன்றே முக்கால் என்று ஒருமுறை கேட்டேன். “அதுக்கு ரீசன் எல்லாம் போட வேணாம்ப்பா,” என்றான். எங்கள் விதி ஏழு, காரணம் சொல்லாமல் நன்றாக இருக்கிறது என்று சொல்லக்கூடாது என்கிறது. அவனைக் குழுவில் சேர்க்க வழியில்லை.

அவனுக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. இந்தக் கட்டுரையை அவன் படிக்கமாட்டான் என்பது எழுதும்போது ஒரு வசதி. குறை சொல்லும் தகுதி எனக்கும் இல்லை. போன பொங்கலுக்கு ஆரணி பஸ் நிலையத்தில் டீக்கடைக்காரரிடம் என்னையறியாமல் கன்னடம் கலந்து ‘சொல்ப சக்கரை கம்மியா’ என்று கேட்டேன். அவர் என்னிடம் மிகவும் மரியாதையாக, எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார். நான் படித்த பள்ளிக்கு எதிர்க்கடை அது.

4

நவம்பர் புதன்கிழமை. எனக்கு ஒரு மாலை போட வேண்டும் என்று கௌடர் சொல்லி, மல்லிகைச் சரம் ஒன்றையும் வாங்கி வந்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு பீர் குடிப்பது எந்த மதத்துக்கும் அடுக்காது என்று சொல்லி மேசை மேல் வைத்துவிட்டேன்.

காய்ச்சும் பெண் மூன்று கோப்பைகளைக் கொண்டுவந்தாள். கறுப்பு பீர். புதிதாகக் காய்ச்சியது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றாள்.

ஸ்டான்லி கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோய் நிதானமாக இழுத்தான். ஒரு வாய் குடித்தான்.

“ஸ்டவுட். காப்பிக் கொட்டை நல்லா வறுபட்டிருக்கு. கடைசியில கொஞ்சம் சாக்லேட். பரவால்ல மேன், இந்தப் பொண்ணு கத்துக்கிட்டா,” என்றான்.

என் கோப்பை அதற்குள் என் மூக்கருகே வந்திருந்தது. ஏலக்கி வாழைத் தாரை அறைக்குள் கொண்டுவந்து தொங்கவிட்டதுபோல் இருந்தது. கூடவே கிராம்பு. கறுப்பாக வறுத்த தானியம் சேர்த்த கோதுமை பீர் அது. நிறம் மட்டும்தான் ஸ்டவுட். ஸ்டான்லி ஐந்தடி தூரத்திலேயே மூஞ்சியைச் சுளித்திருக்க வேண்டிய பீர்.

கௌடர் முகர்ந்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அவருக்கே தெரிந்துவிட்டது.

“ஏன் ஸ்வாமி, இங்க பழக்கடை திறந்து வெச்சிருக்காங்க. நீங்க காப்பிக் கடைக்குப் போயிட்டீங்க.”

ஸ்டான்லி என் முகத்தைப் பார்த்தான். ஒரு கணம்தான். பிறகு அவனும் சிரித்து, உங்களைச் சோதித்துப் பார்த்தேன் என்றான். நான் கேள்வி எழுப்பாத இடத்தில் விளக்கம் வந்தால் அந்த ஃபைலைத் தனியே எடுத்து வைப்பது என் முப்பது ஆண்டுப் பழக்கம். அவன் கோப்பையை மறுபடி மூக்கருகே கொண்டுபோனான். இந்த முறை அவசரமாக. எதையோ தேடுகிறவனைப்போல. எதுவும் கிடைக்கவில்லை என்பது அவன் புருவத்தில் தெரிந்தது.

என் முறை வந்தது. கடைசியில் பேசும் உரிமை எனக்கு நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை கிடைத்தது. நானும் ஸ்டவுட் என்றுதான் நினைத்தேன் என்று சொன்னேன். காரணம் எதுவும் சொல்லவில்லை. ஏழாம் விதியை மீறியதாகக் குறித்துக்கொள்ளலாம்.

பெண் வந்து பெயரைச் சொன்னாள். தான் ஒருவர் மட்டும் சரியாகச் சொன்ன மகிழ்ச்சியில் கௌடர் மல்லிகைச் சரத்தை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். மெட்ரோவில் மல்லேஸ்வரம் வரும்வரை கழற்றவில்லை.

5

அடுத்த வாரம் ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போனேன். ஓய்வூதியக்காரர்கள் உயிர்ச் சான்று கொடுக்கும் மாதம் அது. அந்தச் சாக்கில் போனேன்.

ஸ்டான்லியின் மனைவி ரோஸ்லின் இறந்து ஆறு ஆண்டாகிறது. ஒரே மகள் பிரிசில்லா கடல் தாண்டி பெர்த் நகரில் இருக்கிறாள். தூக்கி வளர்த்த பெண் என்று சொல்ல முடியாது. என் மடியில் உட்கார்ந்து வருமான வரிப் படிவத்தில் படம் வரைந்த பெண் என்று சொல்லலாம். அப்பாவை அங்கே நிரந்தரமாகக் கூட்டிப்போக விசாவுக்கு விண்ணப்பித்திருந்தாள். கோப்பு எண்கூட எனக்குத் தெரியும், ஏனென்றால் அவளுக்குத் தேவைப்பட்ட சான்றுகளை வாங்கிக் கொடுத்தவனே நான். முடிவை மட்டும் ஸ்டான்லி தள்ளிப்போட்டு வந்தான். போய்ப் பார்த்துவிட்டு வந்தவன்தான் அவன்.

“அங்க பீர் நல்லாத்தான் இருக்கு மேன். திட்டறதுக்குத்தான் ஆள் இல்ல,” என்று வந்த அன்று சொன்னான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பால் தீய்ந்த நாற்றம். அன்றையது மட்டும் அல்ல, பல நாளாகத் தங்கிய நாற்றம். கூடத்தில், சமையலறையில், எல்லா ஜன்னலும் அகலத் திறந்து கிடந்தன. நவம்பர் குளிரில் அவன் வீட்டுக்குள் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தான். ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்தேன்.

“கேஸ் லீக் ஆனா எனக்குத் தெரியாது. அதான் மூடறதில்ல,” என்றான் கடைசியில்.

சென்ற ஆண்டு வந்த ஒரு விஷக் காய்ச்சலுக்குப் பிறகு மூக்கு வேலை செய்யவில்லை. மருத்துவர், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்லியிருக்கிறார். நாக்கில் உப்பு, இனிப்பு, கசப்பு தெரிகிறது. அதற்கு மேல் எல்லாமே ஒன்றுதான். ஒவ்வொரு புதன்கிழமையும் கடைசியில் பேசுகிறவன் என்பதால், நானும் கௌடரும் சொன்னதைக் கேட்டு, நிறத்தையும் பார்த்து, அதற்கு எதிராக ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கிறான். வழக்கமாக எதிராகப் பேசுகிறவன் என்பதால் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

“ஞாபகத்துல இருக்கறதெல்லாம் வாசனையா வருது மேன். அப்பா சட்டை, ரோஸ்லின் பவுடர், எல்லாம். எதிர்ல இருக்கறதுதான் ஒண்ணும் இல்ல.”

பிறகு, பிரிசில்லாவிடம் சொல்லாதே என்றான். அவளுக்குத் தெரிந்தால் அடுத்த வாரமே டிக்கெட் போட்டுவிடுவாள். கேஸ் அடுப்புள்ள வீட்டில் மோப்பம் தெரியாத எழுபது வயதுக்காரனைத் தனியாக விட எந்த மகளும் சம்மதிக்கமாட்டாள். இந்த வீட்டைப் பூட்டினால் அது விற்பனைக்குப் போகும். கல்லறையில் ரோஸ்லின் பக்கத்தில் இவனுக்காக விட்டிருக்கும் இடத்தில் புல் வளரும். தாத்தா காலத்தில் வந்து இறங்கிய குடும்பத்தின் கடைசி ஆள் பெர்த்தில் ஒரு புறவாசல் அறையில் டி.வி. பார்ப்பான்.

சொல்லாமல் இருக்க முடியாது என்று சொன்னேன். முக்கியமான தகவலை மறைப்பது என்ன வகைக் குற்றம் என்பதையும் விளக்கினேன். அது தேவையில்லாத விளக்கம் என்று இப்போது தெரிகிறது.

“நீ ஆடிட்டர்தான் மேன். அன்னிக்கும் இன்னிக்கும்,” என்றான். என்னை வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை.

6

டிசம்பர் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு ஸ்டான்லியிடமிருந்து போன் வந்தது.

“பிரிசில்லாவுக்கு எழுது. ஆனா நான் சொல்றபடி எழுது.”

எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைச் செய்தோம். குறை இருக்கிறது என்று மட்டும் எழுதுகிற அறிக்கையை யாரும் மதிப்பதில்லை. என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்றும் சொல்ல வேண்டும். கேஸ் இணைப்பை ஒப்படைக்கப் போனோம். இணைப்பு இன்னும் அவனுடைய அப்பாவின் பெயரில் இருந்தது. இறந்தவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று கவுன்டரில் இருந்தவர் கிட்டத்தட்டச் சொன்னார். அதற்கு உரிய வழிமுறையை நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். மின் அடுப்பு வாங்கினோம். புகை வந்தால் அலறும் கருவி ஒன்றைக் கூரையில் மாட்டினோம். தினமும் காலை ஏழு மணிக்கு நான் போன் செய்வது, மிச்சமான சாப்பாட்டின் மேல் தேதி எழுதி ஒட்டுவது என்றெல்லாம் முடிவானது.

கடிதத்தை ஐந்து பத்தியாக எழுதினோம். முதல் நான்கும் நடந்ததும் செய்ததும். ஐந்தாவது, அவன் தன் வீட்டிலேயே இருக்க அனுமதிக்க வேண்டும் என்ற வேண்டுகோள். பீர் சுவைப்பதில் தன் திறமை சற்றும் குறையவில்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னான். ஆதாரம் இல்லை என்று மறுத்துவிட்டேன். ஐந்தாம் பத்தியில் மட்டும் ‘வேண்டுகிறேன்’ என்பதை அவன் அடித்து, ஒன்றும் எழுதாமல் விட்டு, திரும்ப அதையே எழுதினான். அவனும் நானும் கையெழுத்திட்டு, படம் எடுத்து, மின்னஞ்சலில் அனுப்பினோம். அவளிடமிருந்து ஒரு வரி வந்தது: கிடைத்தது, யோசித்துச் சொல்கிறேன். அப்படிப்பட்ட வரிகளை வாழ்நாள் முழுவதும் மற்றவர்களுக்கு அனுப்பியவன் நான். வாங்கும் பக்கத்தில் இருப்பது வேறு மாதிரி இருக்கிறது.

டிசம்பர் புதன்கிழமை ஸ்டான்லியே கௌடரிடம் சொன்னான். கௌடர் கோப்பையைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு,

“லாகர் மூக்கில்லாதவன் பீருன்னு எத்தனை வருஷம் சொன்னீங்க. இப்போ உங்களுக்கு எல்லாமே லாகர்தான். வாங்க நம்ம கட்சிக்கு,” என்றார்.

அந்த வீட்டில் பால் தீய்ந்த நாற்றம் பட்ட நாளிலிருந்து ஸ்டான்லி சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஆனால் அவன் லாகர் கட்சியில் சேரவில்லை. நாங்கள் ஒருமனதாக நிராகரித்த ஐ.பி.ஏ.வைக் கேட்டு வாங்கினான். அந்தக் கசப்பு மட்டும் தன்னை எட்டுகிறது என்றான். நாக்கின் ஓரத்தில் ஏறி, நடுவில் நின்று, தொண்டையில் இறங்கும்வரை அந்தக் கசப்பை அவன் விவரித்தான். எங்களுக்கு எல்லாம் ஒரே கசப்பாக இருந்த மூன்று கோப்பைகளை வரிசைப்படுத்திக் காட்டினான். காய்ச்சுகிற பெண் அந்த வரிசை சரி என்றாள். விதி நான்கைத் திருத்தினோம். மூக்குத் துறை என்னிடமும் கௌடரிடமும். நாக்குத் துறை ஸ்டான்லியிடம். ஒருவர் துறையில் மற்றவர் தலையிடக் கூடாது. நான் வாழைப்பழம் என்றால் அவன் நம்ப வேண்டும். நம்பிவிட்டு, இன்னமும் திட்டலாம்.

கிறிஸ்துமஸ் போயிற்று. ஜனவரிக் கூட்டம் நடந்தது. பதில் வரவில்லை. ஞாயிறுதோறும் மகளோடு பேசும்போது அவள் கடிதத்தைப் பற்றி எதுவும் எடுக்கவில்லை என்றான், இவனும் எடுக்கவில்லை. அவர்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அந்தத் திறமை உண்டு. பிப்ரவரியில் அவன் அலமாரிகளை ஒழிக்கத் தொடங்கினான். ரோஸ்லினின் பீங்கான் தட்டுகளைக் கௌடர் வீட்டுக்குக் கொடுத்தான். ஏன் இப்போதே என்று கேட்டதற்கு, எப்படியும் செய்ய வேண்டியதுதானே என்றான்.

கார்த்திக் வந்திருந்தபோது இதைச் சொன்னேன். அவன் தட்டிலிருந்து நிமிர்ந்து, “அங்கிள் போறதுதானேப்பா சேஃப்?” என்றான். அக்கறையில் சொன்னதுதான். அவன் குடியிருப்பில் பதினான்காவது மாடியில் எனக்கென்று ஓர் அறை தயாராக இருப்பதாகவும் சேர்த்துச் சொன்னான். கழிவறையில் பிடிமானக் கம்பிகூடப் போட்டுவிட்டானாம். நான் நன்றி சொன்னேன். எல்லை தாண்டாமலே குடிபெயர்வது எப்படி என்று அன்றிரவு நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

7

மார்ச் மாதத்துப் புதன்கிழமை. வெயில் ஏறிவிட்டிருந்தது. கௌடர் இரண்டாவது லாகருக்குப் போயிருந்தார். ஸ்டான்லி ஒரு புது பீரின் கசப்பு எங்கே போய் நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தேடிக்கொண்டிருந்தான். என் போன் அதிர்ந்தது. பிரிசில்லாவின் பெயரைப் பார்த்ததும் மேசைக்குக் கீழே வைத்துப் படிக்கத்தான் நினைத்தேன். அதற்குள் ஸ்டான்லி கண்ணைத் திறந்துவிட்டான்.

“படி. சத்தமா படி.”

ஆங்கிலத்தில் இருந்தது. இங்கே தமிழில் தருகிறேன்.

‘அங்கிள், உங்கள் கடிதத்தின் முதல் நான்கு பத்திகளுக்கும் நன்றி. அப்பாவுக்கு வாசனை தெரியவில்லை என்பது நான் போன முறை வந்திருந்தபோதே எனக்குத் தெரியும். சென்ட் போடாத நாளில் என்னைக் கட்டிப்பிடித்து, நல்ல வாசனை என்றார். திரும்பி வந்ததும் விசா விண்ணப்பம் போட்டேன். ஆனால் அவரை நான் கேட்கவில்லை. அவரோடு பழகுகிறவர்கள் யாராவது கண்டுபிடிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் கண்டுபிடிக்காவிட்டால் அவர் அங்கே தனியாக இருக்கிறார் என்று அர்த்தம். பேசாமல் கூட்டி வந்துவிடுவது என்று இருந்தேன். நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். அதன் பிறகும் பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு ஒரே காரணம், அவர் என்னோடு இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. இன்று காலை விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஐந்தாம் பத்திக்கும் சம்மதம்.’

கௌடர் வேறு பக்கம் திரும்பி, கூரையில் சுற்றும் மின்விசிறியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டான்லி போனை என் கையிலிருந்து வாங்கினான். கண்ணாடி கொண்டுவரவில்லை, எழுத்து எதுவும் அவனுக்குத் தெரிந்திருக்காது. இருந்தும் கடைசி வரிவரை தள்ளிக்கொண்டு போய், அங்கேயே கட்டைவிரலை வைத்துக்கொண்டிருந்தான்.

“அவளுக்கு ஆசை இருந்துச்சாம்,” என்றான்.

எழுந்து ஜன்னல் ஓரம் போய் நின்று மகளுக்கு போன் போட்டான். பெர்த்தில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். அவன் என்ன பேசினான் என்று நாங்கள் கேட்கவில்லை. நெடுநேரம் பேசினான். அவன் கோப்பையில் நுரை அடங்கி, பீர் சூடாகிப்போனது. அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றித் தரட்டுமா என்று அந்தப் பெண் வந்து கேட்டாள். அவன் வரட்டும் என்றோம்.

பதில் கிடைத்த நாள்: மார்ச் பதினொன்று.